திண்டுக்கல் மலைகளில் ட்ரெக்கிங் போறீங்களா? எங்கே நடக்கலாம், எங்கே கூடாது, என்னென்ன தெரிஞ்சுக்கணும்?

திண்டுக்கல் ஊரைவிட்டு கொஞ்சம் வெளியே வந்து நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர். நடுவில் பூந்தோட்டம், தென்னந்தோப்பு, வறண்ட கரடு. நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. பைக்கை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் காட்டின் ஓரத்துக்கே போய்விடலாம்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது. ரீல்ஸில் ஒரு அருவியைப் பார்க்கிறோம். கூகுள் மேப்பில் பாதை மாதிரி ஒரு கோடு தெரியுது. நாலு நண்பர்கள், ரெண்டு பைக், பரோட்டா பார்சல். அவ்வளவுதான், கிளம்பிடுறோம். அந்தப் பாதை யாருடையது, அங்கே போக அனுமதி உண்டா, மேலே மழை பெய்தால் கீழே என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

காட்டில் நடப்பது தப்பில்லை. ஆனால் நம்ம ஊர் காட்டில் நடப்பதற்கு ஒரு முறை இருக்கு. அது ஏன் வந்தது, திண்டுக்கல்லைச் சுற்றி எங்கெல்லாம் நடக்கலாம், ஓடை, தீ, காட்டுமாடு என ஆபத்து வந்தால் என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காட்டுக்குள் நினைத்தபடி நடக்கலாமா?

கூடாது. திண்டுக்கல் மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு அல்லது வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வரும். அதன்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போகக்கூடாது, தீ மூட்டக்கூடாது, ஆயுதம் கொண்டுபோகக்கூடாது.

கொடைக்கானல் பகுதி காடுகள் 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். அதனால் "சும்மா உள்ள போய்ப் பார்த்துட்டு வந்தோம் சார்" என்ற பதில் வனத்துறையிடம் எடுபடாது. அபராதம், வழக்கு இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு.

மேப்பில் தெரியும் கோட்டை நம்பலாமா?

அதையும் நம்ப முடியாது. காட்டுக்குள் மேப்பில் தெரியும் ஒத்தையடிப் பாதை மாடு மேய்ப்பவர்களின் தடமாக இருக்கலாம், யானைத் தடமாக இருக்கலாம், பல வருஷமாக யாரும் போகாத பழைய கூப்புப் பாதையாகவும் இருக்கலாம். எது எது என்று போனுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

2018-ல் குரங்கணியில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் ட்ரெக்கிங் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து தேனி மாவட்டத்தில் போடி அருகே உள்ள குரங்கணி மலை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்த 30-க்கும் மேற்பட்டோர் கொழுக்குமலை பக்கத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த உயரமான புல் நிறைந்த சரிவில் தீ சூழ்ந்தது. தப்பிக்க வழி தெரியாமல் சிதறி ஓடினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. உள்ளூர் மக்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். இருந்தும் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பலர் இளம் வயதினர்.

விசாரணைக்காக மூத்த ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. பலரும் கேட்ட கேள்விகள் இவைதான். அது கோடை தொடங்கும் தீக்காலம் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டதா? அந்தப் பாதைக்கு அனுமதி இருந்ததா? தீ வந்தால் எந்தப் பக்கம் போகணும் என்று தெரிந்த ஒரு வனத்துறை வழிகாட்டி கூட இருந்தாரா?

அதற்குப் பிறகு என்ன மாறியது?

2018-லேயே தமிழ்நாடு அரசு வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டன. முன்அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம் ஆயின.

அடுத்த பெரிய மாற்றம் 2024 அக்டோபரில் வந்தது. 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாடு வன அனுபவக் கழகம் வனத்துறையுடன் சேர்ந்து இதை நடத்துகிறது. ஆன்லைனில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, குறித்த நாளில் குறித்த இடத்துக்குப் போனால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட்டிக்கொண்டு போவார். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள். நீங்க கட்டும் பணத்தில் ஒரு பகுதி அவர்களுக்கு வருமானம்.

ஒரு முக்கியமான விஷயம்: தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன. குரங்கணி தீ நடந்த மார்ச் 11 இந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகிறது. மழை, யானை நடமாட்டம் காரணமாகவும் சில பாதைகள் திடீரென நிறுத்தப்படலாம். அதனால் எந்தப் பாதை இப்போ திறந்திருக்கு, கட்டணம் எவ்வளவு, வயது வரம்பு என்ன என்பதைப் பதிவு செய்யும் நாளில் இணையதளத்தில் பார்த்துக்கொள்வதே சரி.

வெளிநாட்டில் மட்டும் தனியா நடக்கிறாங்களே, எப்படி?

யூடியூபில் பார்த்திருப்பீங்க. பிரான்ஸில் ஒருவர் முதுகுப்பையோடு காட்டிலும் ஆற்றங்கரையிலும் நாள் கணக்கில் தனியாக நடப்பார். வழிகாட்டி கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. நமக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

அங்கே மரத்திலும் பாறையிலும் வெள்ளை, சிவப்பு என இரண்டு பட்டை பெயின்ட் அடித்திருப்பார்கள். 'ஜிஆர்' எனப்படும் நெடுந்தூரப் பாதைகளின் குறி அது. பெருக்கல் குறி போட்டிருந்தால் "இது வழி இல்லை" என்று அர்த்தம். இந்த ஏற்பாடு 1947-ல் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒர்லியான் நகரத்துப் பக்கம் தொடங்கியது. இன்று அந்நாட்டின் நடைப்பயண கூட்டமைப்பின் கீழ் குறியிட்ட பாதைகள் 1.8 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். பெயின்ட் அடிப்பது, முள்ளை வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள்.

அந்தப் பாதைகளில் பல, ஊராட்சிக்குச் சொந்தமான பழைய வண்டிப்பாதைகள். வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே போகும். மாலையானால் ஒரு கிராமம் வந்துவிடும். யானை கிடையாது, காட்டுமாடு கிடையாது. அதனால் பெயின்ட் குறியே போதும்.

அங்கேயும் தீக்கு விதிவிலக்கு இல்லை. தெற்கு பிரான்ஸில் மார்செய் நகரை ஒட்டிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தீ அபாயத்தை நாள்தோறும் கணித்து, அபாயம் அதிகமான நாளில் பாதையை மூடிவிடுவார்கள். நடக்கிறவர்கள் முந்தின நாள் மாலையே பார்த்துவிட்டுத்தான் கிளம்பணும்.

ஆக, அங்கே வழி காட்டுவது மரத்தில் இருக்கும் பெயின்ட். இங்கே வழி காட்டுவது கூட வரும் மனுஷர். நம்ம மலையில் பாதை மட்டும் தெரிந்தால் போதாது. அன்றைக்குக் காட்டுமாடு எங்கே மேயுது, எந்த ஓடையில் தண்ணி ஏறியிருக்கு என்பதும் தெரியணும். பெயின்ட் அதைச் சொல்லாது.

திண்டுக்கல்லைச் சுற்றி எங்கெல்லாம் நடக்கலாம்?

* சிறுமலை

திண்டுக்கல்லில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். டவுன் பஸ்ஸிலேயே போய் வரலாம். அடிவாரத்தில் முள்காடு, மேலே ஏற ஏற இலையுதிர் காடு, அதற்கும் மேலே காபி, மிளகு, பலா, வாழைத் தோட்டங்கள். சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து குதிரைகளில் மூட்டை வருவதை இன்றும் பார்க்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது: ஊருக்குள்ளும் தார்ச்சாலையிலும் நடக்கத் தடையில்லை. தோட்டம் தனியார் நிலம், உரிமையாளரிடம் கேட்கணும். காப்புக்காடு வனத்துறையுடையது, அனுமதி வேணும். வெள்ளிமலை கோயிலுக்குப் பக்தர்கள் ஏறும் பாதை போன்ற இடங்களிலும் அன்றைய நிலவரத்தைச் செக்போஸ்டில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சிறுமலையில் காட்டுமாடுகள் அதிகம். சாலையிலேயே நிற்கும்.

* வெள்ளகவி

திண்டுக்கல் மாவட்டத்தின் பழமையான நடைபாதை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லணும். கொடைக்கானலின் வட்டக்கானல் பக்கத்திலிருந்து கீழே இறங்கினால் வெள்ளகவி. இன்னும் இறங்கினால் தேனி மாவட்டத்துக் கும்பக்கரை அருவி.

கொடைக்கானல் என்ற ஊர் உருவாவதற்கு முன்பே இருந்த கிராமம் இது. 1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி இந்த வழியாகத்தான் மேலே ஏறி மலையை அளந்தார். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அப்போதெல்லாம் மேலே போக மோட்டார் ரோடு கிடையாது. 1875-ல் ரயில் வந்த பிறகும், கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் தூக்கிய டோலியிலோதான் ஏறினார்கள். வத்தலக்குண்டு வழி மலைச்சாலை பயன்பாட்டுக்கு வந்தது 1910-களில்தான்.

சாலை வந்ததும் உலகம் பழைய பாதைகளை மறந்தது. ஆனால் வெள்ளகவி மக்களுக்கு அதுதான் பாதை. அரிசி மூட்டை குதிரையில் வரும், நோயாளியை டோலி கட்டித் தூக்கிப்போவார்கள். நமக்கு ஒருநாள் ட்ரெக்கிங், அவர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. ஊர் முழுக்கக் கோயில்கள் என்பதால் வந்த வழக்கம். நீங்களும் ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கோங்க. இந்தப் பாதை காட்டு வழியாகப் போவதால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

* ஆத்தூர், குடகனாறு

ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்க மலை ஏறித்தான் ஆகணும் என்றில்லை. கீழ்ப் பழனி மலையில் பெய்யும் மழை ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகிறது. திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இது. அங்கிருந்து குடகனாறு வடக்கே திரும்பி, வேடசந்தூர் வழியாகப் போய் கரூர் மாவட்டத்தில் அமராவதியில் சேருகிறது. ஆத்தூர் பக்கம் காலை நேரத்தில் போனால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர், நடுவே பறவைகள். பைனாகுலர் இருந்தால் போதும், மலையேற்றம் தேவையில்லை. தண்ணிக்குள் மட்டும் இறங்காதீங்க.

* அய்யலூர், கடவூர் காடுகள்

இது மலையேற்றக்காரர்கள் அதிகம் பேசாத இடம். 2022 அக்டோபரில் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்கு கையளவு உயிரினம், இரவில் மட்டும் வெளியே வரும். பூச்சிகளைத் தின்பதால் சுற்றியுள்ள விவசாயிகளுக்கும் நன்மை. "ராத்திரி டார்ச் அடிச்சுத் தேவாங்கு பார்க்கப் போறோம்" என்று கிளம்பாதீங்க. அது சட்டப்படி தப்பு. அந்தப் பெரிய கண்ணில் ஒளி பாய்ச்சுவது அதற்கும் துன்பம்.

* அனுமதி தேவையில்லாத நடை

உடம்பைப் பழக்க முதலில் திண்டுக்கல் மலைக்கோட்டை. 17-ம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்கள் கோட்டை கட்டிய பாறை, இன்று தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கு. நுழைவுச் சீட்டு எடுத்து, பாறையில் வெட்டிய படிகளில் மேலே ஏறினால் சிறுமலையும் பழனி மலையும் ஒரே இடத்திலிருந்து தெரியும். வாரத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்காமல் ஏறி இறங்க முடிந்தால் மலைப் பாதைக்கு நீங்க தயார்.

நீண்ட நடை என்றால் நம்ம ஊருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தைப்பூசத்துக்கு மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து லட்சக்கணக்கானோர் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். வழியில் மோர், அன்னதானம், கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கூடாரம் வரை இருக்கும். வழிநெடுக ஊர் துணைக்கு வரும் நடை அது. காட்டில் அப்படி யாரும் வரமாட்டார்கள். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளணும்.

ஓடையைக் கடக்கும்போது என்ன செய்யணும்?

மேல மழை பெய்தால் கீழ வெள்ளம். நீங்க நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மூன்று மலைக்கு அப்பால் இடி இடிக்கும், அரை மணி நேரத்தில் ஓடை காட்டாறாக மாறும். இந்தப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேர இடிமழை. இரண்டு காலத்திலும் உஷார் தேவை.

வெள்ளம் வருவதற்கு முன் ஓடை சில அடையாளம் காட்டும்:

* தெளிந்த தண்ணி திடீரென கலங்கும்.
* சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வரும்.
* மேலே இருந்து லாரி வருவது போல இரைச்சல் கேட்கும்.

இதில் ஒன்று தெரிந்தாலும் பை, செருப்பு எதையும் எடுக்கப் போகாமல் கரையேறி மேட்டுக்குப் போங்க. வேகமாக ஓடும் தண்ணி அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். முழங்காலைத் தொட்டால் கடக்கவே கூடாது. காத்திருங்க. காட்டாறு ஏறியது போலவே சில மணி நேரத்தில் இறங்கும். கடந்தே ஆகணும் என்றால் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, கையில் கம்போடு, ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு கடக்கணும். வழுக்கினால் பையை உதறிவிட முடியணும்.

அருவிக்கு மேலே நின்று போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம். பாசி படிந்த பாறையில் எந்த ஷூவும் நிற்காது.

காட்டுமாடோ யானையோ எதிரே வந்தால்?

நிற்கணும். பிறகு சத்தம் போடாமல், முதுகு காட்டாமல், மெதுவாகப் பின்னால் நகரணும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே கூடாது. தனியாக நிற்கும் பெரிய கடா அமைதியாகத்தான் தெரியும், ஆனால் பாய்ந்தால் ஓட முடியாது. செல்ஃபி, பிளாஷ், விசில், கல் எறிவது எதுவும் கூடாது. யானை நடமாட்டம் என்று தெரிந்தால் வழிகாட்டி திரும்பச் சொல்வார். "காசு கட்டியாச்சே, இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று வாதாட வேண்டாம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்காதீங்க. காட்டில் கண்ணைவிட காது முக்கியம்.

காட்டுத் தீ தெரிந்தால்?

தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது வனத் தீயணைப்பில் சொல்லப்படும் கணக்கு. அதனால் தீக்கு மேலே, மேட்டை நோக்கி ஓடுவதுதான் மிக ஆபத்து. புல் இல்லாத இடம் எங்கே என்று பாருங்க. வெறும் பாறை, ஓடைப் படுகை, ரோடு, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கரும்பகுதி இவைதான் பாதுகாப்பு. பக்கவாட்டில் நகர்ந்து அங்கே போகணும். ஈரத்துணியால் மூக்கை மூடி, தாழ்ந்து இருக்கணும். நைலான், பாலியெஸ்டர் உடை உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடையே நல்லது. சிகரெட், கேம்ப் ஃபயர் இரண்டையும் மறந்துடுங்க.

பாம்பு, அட்டை, ஸ்க்ரப் டைபஸ்: என்ன வித்தியாசம்?

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிப்போய் அரசு மருத்துவமனையில் சேர்க்கணும். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும். 108-க்கு அழைத்து எந்த அடிவாரத்துக்கு வரணும் என்று தெளிவாகச் சொல்லுங்க.

அட்டை கடித்தால் பயமே வேண்டாம். நகத்தால் நகர்த்திவிட்டு இடத்தைக் கழுவினால் போதும்.

பலருக்கும் தெரியாதது ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும் காய்ச்சல். நடந்து வந்து ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி வரும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் "நான் காட்டுக்குப் போய் வந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்க. சீக்கிரம் தெரிந்தால் மாத்திரையிலேயே சரியாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. முழுக்கை சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுவது, வந்ததும் சோப்பு போட்டுக் குளிப்பது, இதெல்லாம் அதற்குத்தான்.

எவ்வளவு நேரம் ஆகும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

1892-ல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உதாரணமாக 8 கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் ஏறணும் என்றால் சுமார் 2 மணி 36 நிமிஷம். ஆனால் இது பழகியவர்களுக்கு. முதல் முறை போறவங்க, வெயில், போட்டோ, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 4 மணி நேரம் வைத்துக்கோங்க.

நம்ம பகுதியில் மாலை 6 மணி தாண்டினால் காட்டுக்குள் இருட்டு. அதனால் கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்யணும். "மதியம் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்" என்று முடிவெடுத்தால் உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் திரும்பணும். உச்சி அங்கேயேதான் இருக்கும்.

பையில் என்ன இருக்கணும்?

* ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் 3 லிட்டர். ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப்போங்க. கொடைக்கானலில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கு.
* ஓஆர்எஸ் பாக்கெட், கடலை மிட்டாய், வாழைப்பழம், எலுமிச்சை சாதம்.
* டார்ச், விசில், கத்தரிக்கோல், பேண்டேஜ், உங்க வழக்கமான மாத்திரை.
* மழைக்கோட்டு, மாற்று சாக்ஸ், நல்ல பிடிமானம் உள்ள ஷூ.
* முழு சார்ஜ் செய்த போன். சிக்னல் இருக்காது என்று நினைத்தே திட்டமிடுங்க.
* குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை.

கொடைக்கானல் பக்கம் சொந்த வண்டியில் போவதாக இருந்தால் இ-பாஸ் வேணும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்தப் பாதைக்கு இன்றைய தேதியில் அனுமதி இருக்கா? ரசீது கையில் இருக்கா?
2. கூட வரும் வழிகாட்டி இந்த மலையைச் சேர்ந்தவரா?
3. இன்றும் நேற்றும் மலைமேல் மழை உண்டா? இது தீக்காலமா?
4. எத்தனை மணிக்குத் திரும்பணும்?
5. எங்கே போறோம், எப்போ வருவோம் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அன்றைக்கு மலைக்கோட்டை ஏறிவிட்டு வந்துடுங்க, சிறுமலையை இன்னொரு நாள் பார்த்துக்கலாம். காசு கொடுத்து ஏற்பாடு செய்யும் குழுவோடு போவதாக இருந்தாலும் இதே கேள்விகளை அவர்களிடம் கேளுங்க. "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்பது பதில் இல்லை. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க.

அவசர எண்கள்: பொது உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101.